கோச் போன பிறகு

“இப்போ சந்தோஷம்தானே? நெனச்சதை சாதிச்சுட்டியே!” என்றாள் டார்லீன், கம்பளியை முழங்காலுக்கு மேல் இழுத்துவிட்டபடி.

வென்டல் மைதானத்தையே பார்த்தார். ஹெல்மெட் மாட்டிய கார்வின் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணிப் பையன்கள் ஓடி வந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால், கடைசி முறையாக, கோச் ஹோல்கம் தலையைக் குனிந்தபடி நடந்து வந்தார். இந்த ஆட்டத்தோடு அவரை வீட்டுக்கு அனுப்பப் போவதாகக் கல்லூரி நிர்வாகம் திங்கட்கிழமைதான் அறிவித்திருந்தது. நவம்பர் குளிரில் நெப்ராஸ்கா மாநிலமே விறைத்துக் கிடந்தது. கூட்டமும் பாதிதான்.

“நான் ஒருத்தன் கத்தினதுக்காகவா அனுப்பிட்டாங்க?” என்றார் மெதுவாக.

“வாரா வாரம் ரேடியோவுக்கு போன் போட்டு அந்த மனுஷனைக் கிழிகிழின்னு கிழிச்சது யாரு? நானா? சமையலறையில நின்னு எல்லாத்தையும் கேட்டுட்டுத்தானே இருந்தேன்!”

“பின்னே என்ன டார்லீன்? நாலாவது முயற்சி, அதான் கடைசி. ஒரே ஒரு கஜம் முன்னேறினா பந்து நம்மகிட்டயே இருக்கும். பந்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு ஓடுங்கடான்னு சொல்ல வேணாமா? உதைச்சு எதிராளி கையில குடுக்கச் சொல்றாரு. சரியான பயந்தாங்கொள்ளி!”

“நீ பெரிய வீரன்! ஒரு பல்லைப் பிடுங்கிக்க மூணு வருஷம் யோசிச்ச ஆளு.”

பின்வரிசையில் புதிதாக வந்து உட்கார்ந்திருந்தவன் வாய்விட்டுச் சிரித்தான். “அப்படிப் போடுங்கம்மா! உங்க வீட்டுக்காரரை விடாதீங்க!”

இருவரும் திரும்பி அவனைப் பார்த்துச் சிரித்து வைத்தார்கள்.

“எட்டு வருஷத்துல படிப்பை முடிக்காம போன பையன் ஒருத்தனைக் காட்டு பாப்போம்” என்று டார்லீன் மறுபடி பிடித்துக்கொண்டாள். “கால் உடைஞ்சு ஒரு பையன் ஆஸ்பத்திரியில கெடந்தானே, அவன் அம்மா வந்து சேர்ற வரைக்கும் பக்கத்துல உட்கார்ந்திருந்தது யாரு? இவர்தானே? அதெல்லாம் உன் கண்ணுக்குத் தெரியாது. ஜெயிச்சாரா, தோத்தாரா, அதான் கணக்கு உனக்கு.”

வென்டலுக்கு உறுத்தியது. திங்கட்கிழமை செய்தி கேட்டபோது துள்ளிக் குதிக்கத் தோன்றும் என்றுதான் நினைத்திருந்தார். மாறாக, ரேடியோவை அணைத்துவிட்டார்.

இடைவேளையில் இறங்கிப் போய் பீன்ஸும் கறியும் போட்ட சூடான சில்லிக் குழம்பு இரண்டு கோப்பையும் ஒரு இலவங்கப்பட்டை ரொட்டியும் வாங்கி வந்தார். ரொட்டியின் நடுப்பகுதி மெத்தென்று இருக்கும். அதைப் பிய்த்து அவளிடம் கொடுத்துவிட்டு, ஓரத்தைத் தான் எடுத்துக்கொண்டார். அவளும் கேட்காமலே வாங்கிக்கொண்டாள்.

“அடுத்த வருஷம் பாரு” என்றார், குரலில் உற்சாகத்தை வரவழைத்துக்கொண்டு. “டெக்சஸ்லேருந்து ரீஸ்னு ஒருத்தன் புது கோச்சா வர்றானாம். முப்பத்தெட்டு வயசுதானாம். உதைக்கிற பேச்சே கிடையாதாம். ஆட்டம் தூள் பறக்கும்!”

“எவன் வேணா வரட்டும். நான் வரல.”

“என்னது?”

“இந்தத் தடவை சீசன் டிக்கெட்டைப் புதுப்பிக்கல, வென்டல். முடிவு பண்ணிட்டேன்.”

வென்டல் சில்லிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

“எம்மேல கோபமா?”

“கோபம் என்ன கோபம்? முழங்கால் வலிக்குது, இத்தனை படி ஏற முடியல. ஹோல்கமுக்காகத்தான் பல்லைக் கடிச்சுக்கிட்டு ஏறினேன். நீ ஒண்ணு சொல்லுவ, நான் பத்து சொல்லுவேன், பொழுதும் போயிடும். இனிமே யாருக்காக உன்கூட மல்லுக்கட்டறது?”

“ரீஸையும் திட்டறேன்!” என்றார் அவசரமாக. “முதல் ஆட்டத்துலேருந்தே திட்டறேன். போதுமா?”

டார்லீன் சிரித்துவிட்டாள். “அவன் இன்னும் ஊருக்கே வந்து சேரல. அதுக்குள்ளயா?”

“அவன் மூஞ்சியைப் போட்டோவுல பார்த்தேன். திட்டற மூஞ்சிதான்.”

“பைத்தியம்” என்றாள். ஆனால் முடிவை மாற்றிக்கொண்டதாகச் சொல்லவில்லை.

கடைசிப் பத்து நிமிடத்தில் கார்வினுக்கு நாலாவது முயற்சி வந்தது. ஒரு கஜம் பாக்கி. ஹோல்கம் கையைக் காட்டினார். பையன்கள் பந்தை உதைத்து அனுப்பினார்கள். நாலா பக்கமிருந்தும் கூச்சல் கிளம்பியது. பின்வரிசைக்காரன் எழுந்து நின்று கத்தினான். வென்டல் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

“என்ன, வாயடைச்சுப் போச்சா?” என்றாள் டார்லீன்.

“சரியாத்தான் உதைக்கச் சொன்னாரு. காத்து அந்தப் பக்கமாத்தானே அடிக்குது.”

அவள் அவரை வினோதமாகப் பார்த்தாள். பிறகு எதுவும் பேசவில்லை. அந்த மௌனம்தான் வென்டலுக்குத் தாங்க முடியாததாக இருந்தது. திட்டியிருக்கலாமோ, கடைசியாக ஒரு தடவை நன்றாகத் திட்டியிருக்கலாமோ என்று தவித்தார்.

கார்வின் தோற்றது. கூட்டம் கலைந்தது. டார்லீன் கம்பளியை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, கைப்பிடியைப் பற்றி ஒவ்வொரு படியாக இறங்கினாள். அவளுக்கு முன்னால் ஒரு படி தள்ளியே வென்டல் இறங்கினார், தடுமாறினால் பிடித்துக்கொள்ளலாம் என்று.

கீழே வந்ததும் அவள் நின்றாள்.

“உடம்பைப் பார்த்துக்கோ, வென்டல்” என்று சொல்லிவிட்டுக் கிழக்கு வாசலை நோக்கி நடந்தாள்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால், வீடு அவளுக்கு, பிக்கப் வண்டி அவருக்கு என்று எல்லாவற்றையும் பிரித்த விவாகரத்து நீதிபதி, அடுத்தடுத்து இருந்த அந்த இரண்டு இருக்கைகளையும் ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்திருந்தார். முதல் வருஷம் முழுக்க ஒரு வார்த்தைகூடப் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள், புதிதாக வந்த ஹோல்கமைத் திட்டினால் மட்டும் வாய் திறக்கிறாள் என்பதை, அடுத்த வருஷம்தான் வென்டல் கண்டுபிடித்தார்.