ஏப்பம் அடக்கும் சூரணம்

கறவை மாடுகளின் தீவனத்தில் கலக்கும் ஓமமும் சுக்கும் சேர்ந்த சூரணத்தை விற்கும் இளைஞன், மனதுக்குள் இறைவனை வேண்டியபடியே அந்த வீட்டுக் கதவைத் தட்டினான். வாங்கியவர்களில் ஒருவராவது மறுபடி வாங்காவிட்டால் இன்றோடு வேலை போய்விடும் என்று மேலாளர் கறாராகச் சொல்லியிருந்தார்.

கதவைத் திறந்த பெண்மணியின் முகம் மலர்ந்தது.

“வாங்க தம்பி! உங்க பொடி கைகண்ட மருந்து. வயித்து உப்புசம் போன இடம் தெரியல. ஏப்பச் சத்தம் பக்கத்து வீடு வரைக்கும் கேக்கும், இப்ப சத்தமே இல்ல. இன்னும் ரெண்டு மூட்டை போடுங்க.”

அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. “ரொம்ப சந்தோஷம்க்கா. தீனி ஒழுங்கா இறங்குதா?”

“தீனியா! வச்சது வச்ச இடத்துல காலி.”

“பொடி தின்ன முகத்தை ஒரு படம் எடுத்து அனுப்பினாத்தான் மேலாளர் நம்புவாரு. கொட்டகை எந்தப் பக்கம்க்கா?”

“கொட்டகையா? மாட்டைத்தான் போன மாசமே வித்துட்டோமே! மிச்சப் பொடியை வீணாக்குவானேன்னு எங்க வீட்டுக்காரருக்கு வெந்நீர்ல கலக்கிக் கொடுத்தேன்.”

இளைஞன் படமெடுக்க எடுத்த கைபேசியைப் பைக்குள் திரும்பப் போட்டான். உள்ளிருந்து கணீரென்று ஓர் ஆண்குரல் எழுந்தது.

“படம் எடுக்கணுமாமா? தம்பியைக் கொஞ்சம் இருக்கச் சொல்லு, சட்டையை மாட்டிக்கிட்டு வர்றேன்.”