எது வேணும்னாலும் சொல்லு

அமெரிக்காவின் மினசோட்டாவில், மார்கழிக் குளிரில், சாயங்காலம் நாலரை மணிக்கே வெளிச்சம் வற்றிவிட்ட தெருவில், கழுவித் துடைத்த கண்ணாடிப் பாத்திரத்தோடு மார்லிஸ் வீட்டு வாசலில் நிற்கிறாள் வெர்னா. புருஷனை அடக்கம் செய்து பத்து நாள் ஆகிறது. சாவு வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோகிறவர்கள் பாத்திரம் திரும்பி வருவதற்காக அதன் அடியில் டேப் ஒட்டித் தங்கள் பெயரை எழுதிவிடுவது எங்கள் ஊர் வழக்கம். திருப்பிக் கொடுக்க அவள் காரில் இன்னும் ஆறு பெயர்கள் இருக்கின்றன. கதவு பாதி திறக்கிறது. உள்ளே மஞ்சள் விளக்கு, வெங்காயம் வதங்கும் வாசனை, யாரோ சிரிக்கும் சத்தம். "அடடா, இதுக்காகவா இந்தப் பனியில வந்தே? எது வேணும்னாலும் சொல்லு வெர்னா, கூச்சப்படாதே." கல்லறையிலும் எல்லோரும் இதைத்தான் சொன்னார்கள்; ஒருவரும் பதிலுக்கு நிற்கவில்லை. வெர்னா கேட்டேவிடுகிறாள். "கொஞ்ச நேரம் உள்ள வந்து உக்காந்துக்கட்டுமா?" மார்லிஸின் கை கதவுப்பிடியை விடவில்லை. "ஐயோ, இன்னைக்குன்னு பாத்து விருந்தாளுங்க வந்திருக்காங்களே... ஆனா எது வேணும்னாலும் சொல்லணும், சரியா?" வெர்னா தலையாட்டுகிறாள். காருக்குத் திரும்பி, அடுத்த பாத்திரத்தைக் கவிழ்த்துப் பெயரைப் படிக்கிறாள். அந்த வீட்டின் மணியை அழுத்திவிட்டு, கதவு திறக்கும் முன்பே, "ஒண்ணும் வேணாம், நல்லாத்தான் இருக்கேன்" என்று மெல்லச் சொல்லிப் பார்த்துக்கொள்கிறாள்.