தோள் விலை

பாடைக்கு ஒரு தோள் கொடுக்க அன்று கோவில்பட்டியில் எழுநூறு உறவுப்புள்ளி. செத்தவர் கணக்கில் கழித்து, தூக்கியவருக்கு வரவு வைப்பார்கள். காலையில் இறந்த பூவலிங்கம் ஊர்ப் பிணத்துக்கெல்லாம் தோள் கொடுத்தவர். ஆனால் மயான இயந்திரத்தில் ஒருமுறைகூட விரல் வைத்துப் பதிந்ததில்லை. “துக்கத்துக்குப் போயிக் கூலி வாங்கவா?” என்பார்.

பருப்புக்கடை தனுஷ்கோடி வாசலைத் தாண்டவில்லை.

“மதினி, அண்ணாச்சி கணக்குல ஒண்ணுமில்லையே. புள்ளியில்லாத வீட்டுல நுழைஞ்சா எம் புள்ளியும் இறங்கிரும். மகளுக்கு வரன் பாக்கேன்.”

“உங்கப்பாவைத் தூக்குனவருல்லா?” என்றாள் பூவலிங்கத்தின் மனைவி வடிவு.

“பதிவுல இல்லியே, மதினி.”

வடிவு தலைமாட்டைத் தூக்கினாள், அவள் மகள் கால்மாட்டை. வேண்டிய தோள் நான்கு, வந்தது இரண்டு. மீதி இரண்டு, ஊர் தரவேண்டிய பாக்கி.