தையல்காரரின் கால்

ஜன்னல் வெளிச்சம் தையல் மெஷினருகேதான் நன்றாக விழுகிறது. கட்டு மாற்ற வீட்டுக்கு வந்த நர்ஸ் அங்கேயே ஸ்டூலைப் போட்டு, தையல்காரரின் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொள்கிறாள். காலிலுள்ள புண் ஆறாவிட்டால் பாதத்தையே எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதிலிருந்து அவர் அதைப் பார்த்ததே இல்லை. இப்போதும் சுவரையே வெறிக்கிறார். மனைவி கதவோரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். கட்டைப் பிரித்த நர்ஸ் குனிந்து முகர்ந்து பார்க்கிறாள். வாடை இல்லை. ஓரமெல்லாம் ரோஜா நிறத்தில் புதுச்சதை. "கால் பொழச்சுக்கிச்சு அண்ணே, தைரியமாப் பாருங்க." அவர் திரும்பவில்லை. அவளும் வற்புறுத்தாமல் புதுக் கட்டுத்துணியை நறுக்கத் தொடங்குகிறாள். சரக், சரக். அந்தச் சத்தத்துக்கு அவர் தலை தானாகத் திரும்புகிறது. கண்கள் முதலில் கத்தரிக்கோலில் விழுகின்றன, பிறகு காலில். அங்கேயே நெடுநேரம் நிற்கின்றன. கத்தரிக்கோலுக்குக் கையை நீட்டுகிறார். "என்னம்மா இவ்வளவு கோணலா வெட்டுற? இங்க குடு!"