ஏறுகிற முள்

கொல்லையில் தகரம் போட்ட பெயின்ட் பட்டறை. கம்ப்ரஸர் அலறுகிறது, காற்றழுத்த மீட்டர் முள் மட்டும் பாதிக்கு மேல் ஏறாமல் நடுங்குகிறது. முதல் வேலையாக வந்த கார் கதவு வெயிலில் சாய்ந்து நிற்கிறது. சஃபியுல்லா காற்று எங்கே கசிகிறது என்று இணைப்புகளிலெல்லாம் சோப்பு நுரை தடவிப் பார்த்துவிட்டான். ஒரு குமிழியும் இல்லை. ஷார்ஜாவில் அவன் ஓட்டிய மெஷின். கார்கோவில் வந்ததை, அவன் விசாவை முடித்துக்கொண்டு வரும்வரை அப்படியே இருக்கட்டும் என்று, அவன் மனைவி சித்திக்கா மூன்று மழைக்காலமும் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காமல் பாதுகாத்திருக்கிறாள். "கடல்காத்து கொஞ்சங்கூடப் படவிடலங்க," என்கிறாள், மீட்டரைப் பார்த்தபடி. அவன் மல்லாந்து படுத்து டாங்கின் அடிவயிற்றில் நுரையைத் தடவுகிறான். குமிழி பொங்குகிறது. ஓடும்போது காற்றிலிருந்து டாங்கில் சேர்ந்து, ஷார்ஜாவில் அவன் வடிக்க மறந்து அப்படியே கட்டி அனுப்பிய தண்ணீர், உறைக்குள்ளேயே இருந்து இரும்பைத் தின்றிருக்கிறது. துருப்பிடித்த டாங்குக்கு ஒட்டுப் போட முடியாது. போட்டால் ஒருநாள் வெடிக்கும். அவன் ஓட்டையைக் கட்டைவிரலால் அழுத்துகிறான்.

"ஏறுதுங்க! முள்ளு ஏறுது! அல்ஹம்துலில்லாஹ்!" சித்திக்காவின் கொலுசுக் கால்கள் அவன் முகத்தருகே துள்ளுகின்றன. "கதவ எடுத்தாரட்டுமா?"

அவன் விரலை எடுக்கவில்லை.