தங்கூசி முடிச்சு

"இதை மேசையிலயே வைச்சிட்டுப் போவம், தங்கச்சி" என்றாள் கிருசாந்தி.

மணப்பெண் அலங்காரத்துக்காகப் புதுக்குடியிருப்பிலிருந்து வந்தவள் அவள். சேலைத் தோளில் குத்துகிற புரோச்சைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வெள்ளி மயில். வாலில் ஏழு சிவப்புக் கற்களுக்கு இடம் இருக்கிறது, கற்கள் ஆறு. பின்பக்கத்து ஊசியைப் பிடித்துக்கொள்ள வேண்டிய கொக்கி தேய்ந்து வாயைத் திறந்துகொண்டு நின்றது.

"கோயில் கடற்கரையில. சோளகக் காத்து வேற. கழண்டு விழுந்தா ஆர் தேடுறது?"

என் மகள் யதுசாவின் முகம் வாடிவிட்டது.

"அம்மாவின்ர எண்டு எனக்கு இது ஒண்டுதானே இருக்கு."

உண்மைதான். கடல் வந்து வீட்டைக் கொண்டுபோனபோது அவளுக்கு ஒன்றரை வயது. தாயின் படம்கூட ஒன்றும் மிஞ்சவில்லை. மயிலை மணலுக்குள் கண்டெடுத்ததாகத்தான் அவளுக்குச் சொல்லியிருக்கிறேன். பிறகு எத்தனையோ இடம் மாறினோம். ஒவ்வொரு முறையும் அது என் சேர்ட்டின் உள்பக்கத்தில் குத்தியபடி கூடவே வந்தது.

நான் அறை வாசலில் நின்றேன்.

"நான் குத்திவிடட்டோ?"

கிருசாந்தி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஐயா, இது வலை இல்லை."

"வலையெண்டா இன்னும் கஷ்டம், பிள்ளை."

யதுசாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கதிரையைத் திருப்பிப் போட்டு, தோளைக் காட்டிக்கொண்டு இருந்தாள்.

ஊசியை ஒரே குத்தாகக் குத்தக்கூடாது. சேலை மடிப்புக்குள் குத்தி, வெளியே எடுத்து, கொஞ்சம் தள்ளித் திரும்பவும் குத்த வேண்டும். பாரம் இழுத்தால் துணி கிழியாமல் இருக்க, சட்டைக்கு அடியில் ஒரு துண்டுத் தடித்த சீலை. ஊசிமுனையில், சைக்கிள் வால்வு ரியூப்பில் வெட்டிய அரிசியளவு துண்டு. அதன்மேல் தங்கூசி. வலைக்குப் போடுகிற நைலோன் நூல். தண்ணீருக்குள் மீனுக்கே தெரியாது, வெள்ளைச் சேலையில் யாருக்குத் தெரியப்போகிறது?

கிழிந்த வலை பொத்தும்போது நூலின் ஒரு தலைப்பைக் கால் பெருவிரலில் கொழுவி இழுத்துப் பிடிப்போம். இன்று காலில் புதுச் சப்பாத்து. அதனால் என் சேர்ட்டின் கைப்பொத்தானில் கொழுவிக்கொண்டேன்.

இரண்டு சுற்று. ஒரு இறுக்கு. மிச்ச நூலைப் பல்லால் அறுத்துவிட்டு நிமிர்ந்தேன்.

யதுசாவும் என்னோடு சேர்ந்து கதிரையிலிருந்து எழும்பினாள்.

"ஐயோ, அப்பா!"

நான் கையை இழுத்தேன். அவள் தோள் வந்தது. அவள் தோளை இழுத்தாள். என் கை போனது. பொத்தானையும் சேர்த்து முடிச்சுப் போட்டிருக்கிறேன்.

குசினிக்குள்ளிருந்து ஓடிவந்த என் தங்கை நிறஞ்சனா, பார்த்த மாத்திரத்தில் நிலத்தில் குந்திவிட்டாள். அவளால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அண்ணை, முடிச்சுப் போடுறது மாப்பிள்ளையின்ர அலுவல். நீங்கள் ஏன் முந்துறியள்?"

"பாதருக்கு என்ன சொல்லுறது?" என்றாள் யதுசா. "அப்பாவையும் கட்டிக்கொண்டு வந்திருக்கிறன் எண்டோ?"

முற்றத்தில் பாண்ட்காரர் நேரமாகிவிட்டது என்று வாசிக்கவே தொடங்கிவிட்டார்கள். கிருசாந்தி ஒரு கையால் மணப்பெண்ணின் கண்ணோரத்தை ஒற்றிக்கொண்டே மறுகையால் கத்தரிக்கோலைத் தேடினாள்.

"அவிட்டு விடுங்கோ, ஐயா."

"அவிழாது, பிள்ளை."

"அப்ப நூலை வெட்டுறன்."

"வெட்டாதேங்கோ!" நானும் மகளும் ஒரே நேரத்தில் கத்தினோம்.

கடைசியில் அவள் பொத்தானைத்தான் சேர்ட்டிலிருந்து வெட்டி எடுத்தாள். முடிச்சில் தொங்கிய பொத்தானைச் சேலை மடிப்புக்குள் ஒளித்துவைத்தாள். மேலே மயில் அசையாமல் இருந்தது. என் சேர்ட்டின் வலது கை திறந்தபடி காற்றில் ஆடியது.

காருக்குள் ஏறப்போன யதுசா நின்று, முக்காட்டைப் பிடித்தபடி திரும்பினாள்.

"உண்மையா நிக்குமோ, அப்பா?"

"நிக்கும்."

"எப்பிடித் தெரியும்?"

"தெரியும். ஏறு."

அவள் சிரித்துக்கொண்டே ஏறினாள். ஒரு கை தோளில் இருந்தது.

அவளுடைய தாய் புனிதமலரும் அப்படித்தான் எனக்குத் தோளைக் காட்டிக்கொண்டு நின்றாள். கடல் வந்த அன்று காலை. நத்தார்ப் பண்டிகைக்கு அடுத்த நாள், ஞாயிற்றுக்கிழமை. அவள் காலைப் பூசைக்கு வெளிக்கிட்டிருந்தாள். நான் குத்தி, தங்கூசியால் கட்டிவிட்டு, காய்ச்சலாயிருந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, கடலுக்குத் தள்ளியிருக்கிற தண்ணீரூற்று ஊருக்கு மருந்தெடுக்கப் போனேன். "கெதியா வாங்கோ" என்றாள்.

மயில் மணலுக்குள் கிடக்கவில்லை.

மூன்றாம் நாள் ஒரு மண்டபத்தில் உடல்களை வரிசை வரிசையாகக் கிடத்தியிருந்தார்கள். முகங்களைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியவில்லை. நான் தோள்களைப் பார்த்துக்கொண்டு போனேன்.

முடிச்சு நான் போட்டபடியே இருந்தது.