வரைபடத்தில் இல்லாத கரை

சிலி நாட்டின் தென்கோடியில், மலைகளுக்கு நடுவே கடல் புகுந்த ஒரு குறுகிய ஃபியோர்டின் கரையில், மீன்பண்ணையைப் பார்த்துக்கொண்டு செல்வினும் ஜெபாவும் குடியிருந்தார்கள். குறித்த நாளுக்கு முன்பே ஜெபாவுக்குப் பிரசவ வலி கண்டது. செல்வின் அழைத்த ஆளில்லா மருத்துவப் படகு, வீட்டுப்பக்கம் வராமல் நடுத்தண்ணீரில் நின்றுவிட்டது.

"நாங்க இங்க கரையில இருக்கோம்! இங்க வா!" என்று போனில் கத்தினான்.

"என் வரைபடத்தில் நீங்கள் சொல்லும் இடம் பனிப்பாறை. அங்கே யாரும் இருக்க முடியாது. படகுத்துறையில் காத்திருக்கிறேன்," என்றது படகு.

அந்தப் பனி உருகிய பிறகுதான் வீடே கட்டினார்கள். படகு நின்ற இடத்திலிருந்த துறையோ கடலில் மூழ்கி வெகுகாலம். செல்வின் காலடி மண்ணை ஒருமுறை மிதித்துப் பார்த்துக்கொண்டான். பிறகு ஜெபாவைத் தோணியில் கிடத்தி, இல்லாத துறைக்குத் துடுப்பு வலித்தான். படகின் கதவு உடனே திறந்தது.

படகு தந்த மருந்தில் வலி சற்றுத் தணிந்ததும், "வீட்டப் பூட்டுனீங்களா?" என்று கேட்டாள் ஜெபா.

செல்வின் படகின் வரைபடத் திரையைப் பார்த்தான். அதில் கரை முழுக்கப் பனியாக வெளுத்துக் கிடந்தது. சன்னலுக்கு வெளியே பார்த்தான். மூடுபனியில் எதுவும் தெரியவில்லை.

"வீடு..." என்று தொடங்கியவன், சாவி இருக்கிறதா என்று சட்டைப்பையைத் தடவினான்.